நானும் அன்னைக்கு சேப்பாக்கத்துலதாம்லே இருந்தேன்

ஆதிச்சநல்லூர்க்காரர்களில் முதன்முதலாகப் போய் எழும்பூரில் குடியேறியவர்கள் செத்தவர்கள்தான். 1876இல் ஃபெடோர் யாகோர் என்ற ஜெர்மானியர் வந்து எங்கள் ஊரில் செத்தவர்களைத் தாழியில் புதைத்த பரம்பைத் தோண்டினார். கைக்கு அகப்பட்டதைக் கட்டி எடுத்துக்கொண்டு பெர்லினுக்குப் போனார். பிறகு அலெக்சாண்டர் ரியா என்ற வெள்ளைக்கார அதிகாரி 1899 முதல் சில வருஷம் முறையாகத் தோண்டினார். தங்க நெற்றிப்பட்டம், இரும்பு ஆயுதம், வெண்கலச் சாமான் எல்லாம் எழும்பூர் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ரிசர்வேஷன் கிடையாது, வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது. அவர்களுடைய வாரிசுகளான நாங்கள் மட்டும் நெல்லை எக்ஸ்பிரஸின் மீட்டர்கேஜ் பெட்டியில், கக்கூஸ் பக்கத்தில் துண்டை விரித்து, ராத்திரி முழுக்கக் குலுங்கிக் குலுங்கி அதே எழும்பூரில் போய் இறங்கினோம்.

மெட்ராஸில் எங்களுக்கு என்ன வேலை? கல்யாணம், கோர்ட்டு கேஸ், சர்க்கார் வேலைக்கு இன்டர்வியூ. இந்த மூன்றும் இல்லாமல் ஒருவன் ரயில் ஏறினால் அவன் சேப்பாக்கத்துக்கு டெஸ்ட் மேட்ச் பார்க்கப் போகிறான் என்று அர்த்தம். ‘அஞ்சு நாள் ஆடியும் முடிவு தெரியாத ஆட்டத்தைப் பாக்க இவ்வளவு தூரம் போறியே, ஒனக்குக் கிறுக்கால பிடிச்சிருக்கு?’ என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் காலத்து சேப்பாக்கம் கேலரியில் உட்காருவதற்கு எங்கள் ஊர்க்காரனைவிடப் பொருத்தமானவன் எவனும் கிடையாது. முழங்காலை மடக்கி, நாடியை அதன்மேல் வைத்து, கையைக் காலோடு கட்டிக்கொண்டு தாழிக்குள் மூவாயிரம் வருஷம் உட்கார்ந்திருந்த பரம்பரை. சிமெண்டுப் படியில் ஐந்து நாள் எம்மாத்திரம்?

கூட்டம் சேர்வதும் இந்தக் கரைக்குப் புதிதில்லை. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்துக் கூட்டத்திடம் மேட்சுக் கூட்டம் தோற்றுவிடும். முங்குபவன், தோணிக்காரன், ஏலம் எடுப்பவன், ஏலம் எடுப்பவனை ஏமாற்றுபவன், சும்மா வேடிக்கை பார்ப்பவன் என்று கடற்கரையில் ஒரு ஊரே முளைக்கும். சுறா கடிக்காமல் இருக்க மந்திரம் சொல்லிக் கடலைக் கட்டுவதற்குக் கடல்கட்டி என்று ஒருத்தர். அவர் கரையில் நின்று ஓதினால்தான் முங்குகிறவன் தண்ணீரில் இறங்குவான். கும்பினிக்காரனே வேறு வழியில்லாமல் அவருக்குக் கூலி கொடுத்தான். 1961ஆம் வருஷத்தோடு அரசாங்கத்தின் முத்துக்குளிப்பு நின்றுபோனது. கடல்கட்டிகள் எங்கே போனார்கள்? கேலரியில் பாருங்கள். ‘ஏ, கவாஸ்கர் அவுட் ஆவுத வரைக்கும் எவனும் எந்திரிக்கக் கூடாது, ஒண்ணுக்குப் போறவனும் இங்கன இரி’ என்று பக்கத்துப் படிக்காரர்களையெல்லாம் கட்டிப்போட்டு ஒருவர் இருப்பாரே, அவர்தான்.

சேப்பாக்கத்தின் பூர்வீகத்தைச் சொல்லாவிட்டால் மயிலாப்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆர்க்காட்டு நவாப் அரண்மனையைச் சேர்ந்த நிலம் அது. நவாபின் கடனுக்காக அரண்மனை வெள்ளைக்காரன் கைக்குப் போனது. 1860களில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் அங்கே வந்து உட்கார்ந்தது. கிளப்பில் வெள்ளைத் தோலுக்கு மட்டும்தான் இடம். நம்மவர்கள் புல் வெட்டலாம். 1934 நவம்பர் 4ஆம் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே அங்கேதான் நடந்தது. மெட்ராஸும் மைசூரும் மோதின. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்டைச் சாய்க்க, அன்று சாயங்காலத்துக்குள் ஆட்டமே முடிந்துவிட்டது. நல்லவேளை, அன்றைக்கு எங்கள் ஊரிலிருந்து எவனும் போகவில்லை. போயிருந்தால் ரயில் காசு விழுந்ததற்கு மைசூர்க்காரனைப் பிடித்துக் கேட்டிருப்பான்.

1952 பிப்ரவரியில் இந்தியா முதன்முதலாக ஒரு டெஸ்ட்டில் ஜெயித்ததும் இங்கேதான். எதிரி இங்கிலாந்து. முதல் இன்னிங்ஸில் வினூ மங்கட் 55 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்துவிட்டார். ஆட்டத்தின் முதல் நாளன்று இங்கிலாந்தின் சாண்ட்ரிங்ஹாமில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலமானார். மங்கட் பந்துவீச்சுக்கும் மன்னர் மரணத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக டாக்டர்கள் யாரும் சொல்லவில்லை. துக்கத்துக்காக மறுநாளை ஓய்வு நாளாக்கிவிட்டார்கள். ஓய்வெடுத்துத் தெம்பாக வந்த நம்மவர்கள் இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசத்தில் இங்கிலாந்தையும் அடக்கம் செய்தார்கள்.

இதெல்லாம் முன்னோட்டம். மெயின் பிக்சர் 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை.

ஆஸ்திரேலியா வந்திருந்தது. புரட்டாசி பிறந்தும் மெட்ராஸ் புழுக்கம் அடங்கவில்லை. மைதானத்தை ஒட்டி பக்கிங்ஹாம் கால்வாய். அதன் வாசனை கேலரிக்கும் பிட்ச்சுக்கும் பாரபட்சம் பார்க்காமல் வீசும். நமக்கு அது பழக்கம். டீன் ஜோன்ஸ் என்ற 25 வயதுப் பையனுக்குப் பழக்கமில்லை. எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 210 ரன் அடித்தான். நடுநடுவே பிட்ச் ஓரமாகப் போய் வாந்தியும் எடுத்தான். முடியவில்லை, போகிறேன் என்று கேப்டன் பார்டரிடம் சொன்னால், சரி போ, குயின்ஸ்லாந்திலிருந்து தெம்பான ஆளாக ஒருத்தனைக் கூப்பிடுகிறேன் என்றாராம் மகராசன். ஜோன்ஸ் விக்டோரியாக்காரன். ரோஷத்தில் நின்றுவிட்டான். பாளையங்கோட்டைக்காரனிடம் ‘நீ போ, தூத்துக்குடியிலேர்ந்து ஒருத்தன கூப்புடுதேன்’ என்று சொல்லிப் பாருங்கள், அவன் நாலு நாள் நிற்பான். ராத்திரி ஜோன்ஸை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். பின்னாளில் 2020 செப்டம்பர் 24இல் மும்பையில்தான் அவர் காலமானார். அந்த 210ஐப் பற்றி பேசாத அஞ்சலி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

அதே அணியில் கிரெக் மாத்யூஸ் என்று ஒரு சுழல் பந்துக்காரர். ஊரே சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தபோது அவர் கம்பளி ஸ்வெட்டரும் தொப்பியுமாக நின்று பந்து போட்டார். குளிருகிறது என்று பாவனை செய்தால் மற்றவர்களுக்கு மேலும் எரியும் என்பது அவருடைய யுத்தி. வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு இன்னிங்ஸிலும் அஞ்சஞ்சு விக்கெட்.

ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574 அடித்துவிட்டு டிக்ளேர் செய்தது. இந்தியா ஃபாலோ-ஆன் வாங்காமல் இருக்க 375 வேண்டும். நம்ம ஊர் ஸ்ரீகாந்த் வழக்கம்போல வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீசினார், 53. கபில் தேவ் தன் பங்குக்கு 119 அடித்து மானத்தைக் காப்பாற்றி 397க்குக் கொண்டுவந்தார். பார்டர் மறுபடி 5 விக்கெட்டுக்கு 170இல் டிக்ளேர் செய்து, கடைசி நாளில் 348 அடியுங்கள் பார்ப்போம் என்றார். அப்படிச் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும், அல்லது ஊருக்குச் சீக்கிரம் போகிற அவசரம் வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கேலரியில் இருந்த பாதிப் பேருக்கு ஆட்டம் தெரியவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து பந்து கடுகாகக்கூடத் தெரியாது. அதனால் காதில் ட்ரான்சிஸ்டரை ஒட்டவைத்துக்கொண்டு, வானொலியின் தமிழ் வர்ணனையைக் கேட்டுத்தான் கண்ணெதிரே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். கைதட்டலும் அரை வினாடி பிந்தித்தான் எழும்பும். தூத்துக்குடி டீக்கடையில் அப்துல் ஜப்பார் குரலில் ஆட்டம் கேட்டவனும், முந்நூற்றுச் சொச்சம் மைல் போய்ப் படியில் உட்கார்ந்தவனும் கேட்டது ஒரே வர்ணனை. டீக்கடைக்காரனுக்கு டீ உண்டு, நிழல் உண்டு என்பதுதான் வித்தியாசம்.

கடைசி நாள். கவாஸ்கருக்கு அது தொடர்ச்சியாக நூறாவது டெஸ்ட். 90 அடித்தார். அமர்நாத் 51. அசாருதீன் 42. கபில் முதல் இன்னிங்ஸில் அடித்ததெல்லாம் போதும் என்று 1இல் நடையைக் கட்டினார். ஆனாலும் 6 விக்கெட்டுக்கு 331 என்று ஆட்டம் நம் மடியில் வந்து விழுந்தது. இன்னும் 17 ரன். நாலு விக்கெட் கையில். பிறகு நம்மவர்களுக்கே உரிய கைங்கரியம் ஆரம்பித்தது. சேத்தன் சர்மா 331இல் போனார். கிரண் மோரே 334இல் போனார். சிவலால் யாதவ் ஒரு சிக்ஸர் தூக்கினார். கேலரி எழுந்து குதித்தது. உட்காருவதற்குள் 344இல் அவரும் போய்விட்டார்.

கடைசி ஓவர். நாலு ரன் வேண்டும். மட்டையோடு ரவி சாஸ்திரி, 45 அடித்துச் செம ஃபார்மில் நிற்கிறார். எதிர்முனையில் மணிந்தர் சிங். அவர் மட்டையைச் சம்பிரதாயத்துக்காகக் கையில் வைத்திருப்பவர். இரண்டாம் பந்தில் இரண்டு ரன். மூன்றாம் பந்தில் சாஸ்திரி ஒத்தை ரன் ஓடினார். ஸ்கோர் சமம். இனி தோல்வி இல்லை என்பது சாஸ்திரியின் கணக்கு. மணிந்தருக்கு மூன்று பந்து, ஒரு ரன் வேண்டும். நாலாம் பந்தைத் தடுத்தார். ஐந்தாம் பந்து காலில் பட்டது. அம்பயர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கிவிட்டார். பந்து மட்டையில் பட்டது என்று மணிந்தர் இன்றுவரை சொல்லிவருகிறார்.

கூட்டிப் பாருங்கள். 574ம் 170ம் 744. 397ம் 347ம் 744. பன்னிரண்டு விக்கெட்டை மட்டும் கொடுத்த ஆஸ்திரேலியாவும், இருபதையும் வாரிக்கொடுத்த இந்தியாவும் சரிசமம். டெஸ்ட் வரலாற்றில் இப்படி நடந்தது அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில். அதற்குப் பின்னால் இல்லவே இல்லை. பிரிஸ்பேனில் ஆடிய பாப் சிம்சன் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கோச். கடல்கட்டியை எங்கே தேடுகிறீர்கள், அவரைப் பிடித்து விசாரித்திருக்க வேண்டும்.

விக்ரம்ராஜுவுக்கு அது இரண்டாவது டெஸ்ட். மூன்றாவது கிடைக்கவில்லை. இந்தியா தோற்றிருந்தால் மறந்திருப்பார்கள், ஜெயித்திருந்தால் மாலை போட்டிருப்பார்கள். சரித்திரத்தில் இடம் பிடித்துக்கொடுத்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் தந்தது தப்பான தீர்ப்பா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். சரியான தீர்ப்பாகவே இருந்தாலும் அந்த நேரத்தில் அப்படி ஒரு விரலைத் தூக்க நெஞ்சுரம் வேண்டும். என் ஓட்டு அவருக்கு.

சேப்பாக்கம் ரசிகர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்தது 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுக்கு எதிராக 271 வேண்டும். முதுகுவலியோடு சச்சின் 136 அடித்து, 17 ரன் மிச்சமிருக்கும்போது அவுட். மூன்று விக்கெட் கையில் இருந்தது. நாலு ரன்னில் மூன்றும் காலி. 12 ரன்னில் தோல்வி. பாகிஸ்தான்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள், கேலரி எழுந்து நின்று கைதட்டியது. உலகமே மெச்சியது. பெருமைதான். 1986இல் பதினேழு, 1999இலும் பதினேழு. அந்த எண்ணோடு சேப்பாக்கத்துக்கு ஏதோ கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் வாருங்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருச்செந்தூர் வரை எந்த டீக்கடையிலும் அறுபது வயதுக்காரர் ஒருவரிடம் சேப்பாக்கம் என்று சொல்லிப் பாருங்கள். ‘1986ல நான் அங்கனதாம்லே இருந்தேன்’ என்பார். எங்கள் பெரியப்பா ஒருவர் வருஷத்துக்கு வருஷம் பிட்ச்சை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். முதலில் சொன்னபோது கேலரியின் உச்சிப்படி. நாலைந்து கல்யாண வீடு கழிந்ததும் பவுண்டரி ஓரம். யாதவ் அடித்த சிக்ஸர் காலடியில் வந்து விழுந்ததாம். அடுத்த தடவை சொல்வதற்குள் அது விழுந்த இடம் மடி என்றாகிவிட்டது. கடைசியாகச் சொன்னபோது விக்ரம்ராஜு விரலைத் தூக்குமுன் இவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாராம். அந்த வருஷம் செப்டம்பரில் பெரியப்பா அறுவடை வேலையாக வயலில் இருந்தார் என்பது பெரியம்மா தரப்பு. தீர்ப்பு சொல்ல மூன்றாவது அம்பயர் அந்தக் காலத்தில் கிடையாது.

அன்றைக்கு இருந்தேன் என்று சொல்பவர்களை எல்லாம் எண்ணினால் நாலு சேப்பாக்கம் கட்டினாலும் இடம் பற்றாது. இருந்தவரா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: மாத்யூஸ் என்ன உடுத்தியிருந்தார்? இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டதால் இனி நீங்களும் தாராளமாக ‘நானும் இருந்தேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம். ஸ்வெட்டரை மட்டும் மறந்துவிடாதீர்கள்.