வெளியே சொல்லிடாதீங்க, தம்பி

ஐடியா அண்ணன் ஐடியாவைச் சொல்லமாட்டார். தன்னிடம் ஐடியா இருப்பதைத்தான் சொல்வார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, "தம்பி சாஃப்ட்வேர்தானே? ஒண்ணு வச்சிருக்கேன். வெளிய வந்தா ஊரே பேசும்" என்பார். என்னவென்று கேட்டால், ரசம் ஊற்றுகிறவர் அடுத்த வரிசைக்குப் போகும்வரை வாய் திறக்காது. "இங்க வேணாம். கை கழுவிட்டு வாங்க."

கை கழுவும் இடத்திலும் ஆட்கள் இருப்பார்கள். மாடிப்படியில் பெண் வீட்டார். கடைசியில் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு ஒதுங்கியதும், "போனை ஆஃப் பண்ணிடுங்க, அது கேட்டுக்கிட்டே இருக்கும்" என்பார். பண்ணினால் சட்டைப்பையிலிருந்து மடித்த 20 ரூபாய்ப் பத்திரம் வெளியே வரும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். பேனாவும் அவரே தருவார். அதற்குப் பிறகுதான் திருவாய் மலரும்: பிளம்பர், எலக்ட்ரீஷியனை வீட்டுக்கு வரவழைக்க ஒரு ஆப்.

"அண்ணே, அது 2014லேயே அர்பன்கிளாப்னு வந்தாச்சு. இப்ப அர்பன் கம்பெனி."

முகம் வாடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் இறக்குவார். "அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

அடுத்தது பேட்டண்ட். வணிக முறைக்கும் வெறும் கணினி நிரலுக்கும் காப்புரிமை கிடையாது என்று 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(கே) பிரிவே சொல்கிறதே என்றால், "பாத்தீங்களா, சட்டமே பாதுகாப்பு இல்லைங்குது. நாமதான் உஷாரா இருக்கணும்" என்பார்.

ஃப்ரெஷ்டெஸ்க் என்ற சாஃப்ட்வேர் கம்பெனியின் கதையையும் சொல்லிப் பார்த்தாயிற்று. வேறொரு கம்பெனி விலையை ஏற்றியதைப் பற்றி இணையத்தில் யாரோ எழுதிய கருத்து கிரீஷ் மாத்ருபூதத்தின் கண்ணில் பட்டது. உலகமே படிக்கும்படி கிடந்த அந்த வரியை வைத்து அவர் 2010இல் சென்னையில் வேலையைத் தொடங்கினார். 2021இல் கம்பெனி நாஸ்டாக்கில் பட்டியலானது. அண்ணன் உச்சுக்கொட்டினார். "யாரோ பாவம், ஓட்டவாயா இருந்து கெட்டான்."

ரகசியம் காப்பதோடு நின்றால் ரசித்துவிட்டுப் போகலாம். ஆனால் பேச்சு முடியும்போது, "ஐடியா என்னுது, கோடிங் உங்களுது. பாதிப் பாதி. ரெண்டு வாரம் ஆகுமா?" என்பார். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓ.டி.பி. வரவில்லை என்று ராத்திரி கூப்பிடுகிறவருக்கு யார் பதில் சொல்வது? பணம் போய் புக்கிங் ஆகாதவரை யார் சமாதானப்படுத்துவது? பத்து மணிக்கு வருகிறேன் என்று நாலு மணிக்கும் வராத பிளம்பரை யார் தேடுவது? ஐயா, தொழில் என்பதே அதுதான். நீங்கள் மடித்து வைத்திருப்பது அதன் பெயர்ப்பலகையைக்கூட அல்ல, அதை மாட்டுகிற ஆணியை.

"சரிண்ணே, பிளம்பர் யாருகிட்டயாவது பேசிப் பாத்தீங்களா?"

"பேசினா லீக் ஆயிடுமே தம்பி!"

அண்ணியைக் கேட்டால் வேறு கதை. சமையலறைக் குழாய் பொங்கலிலிருந்து ஒழுகுகிறதாம். ஆளைக் கூப்பிட இவர் விடுவதில்லையாம். அடியில் வாளி வைத்திருக்கிறார்கள்.