டிவி ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு களஞ்சியம்

சாலையைத் தோண்டி ஃபைபரை அறுப்பது ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் புதிதில்லை. அறும்போதெல்லாம் ‘அதுக்குத்தான் வீட்டிலேயே ஒரு மிரர் போட்டு வெச்சுக்கணும்’ என்று ஆரம்பிக்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. இந்த வாரமும் ஆரம்பித்தாயிற்று. வீட்டில் இருக்கும் மூன்று டெபியன் லினக்ஸ் கம்ப்யூட்டர்களும் ஒரே பொதியை மூன்று தடவை கடல் கடந்து இறக்குவது வீண்தான், மறுக்கவில்லை. அதற்காக மிரர் என்று டெபியன் களஞ்சியம் முழுவதையும், சோர்ஸ் கோடு உட்பட, டிவி ஸ்டாண்டுக்குக் கீழே குடியேற்றுவது எந்த ஊர் நியாயம்?

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 69,830 பொதிகள். வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றில் ஏறுவது இரண்டாயிரமோ மூவாயிரமோ. மிச்சமெல்லாம் என்ன? ‘எல்எஸ்’ என்று அடிக்கப்போய் ‘எஸ்எல்’ என்று அடித்தால் திரையில் நீராவி ரயில் ஓட்டும் நிரல் ஒன்று. அதன் சோர்ஸ் கோடும் கூடவே. நாம் அடிக்கும் வாக்கியத்தை ஒரு பசுமாடு சொல்வதுபோல் வரைந்து காட்டும் ‘கவ்சே’. அதற்கும் சோர்ஸ் கோடு; மாட்டைப் பழுதுபார்க்க வேண்டி வந்தால்? யூத நாள்காட்டி உண்டு. லிப்ரே ஆபிஸுக்கு ஐஸ்லாந்து மொழிப்பொதி உண்டு; படப்பையிலிருந்து ரெய்க்யவிக்குக்கு அவசரக் கடிதம் எழுத உதவும். ஹாம் ரேடியோக்காரர்களுக்கென்று ஒரு பட்டாளமே உண்டு, வீட்டில் இருப்பது எஃப்எம் என்றாலும். ராத்திரி எல்லாரும் தூங்கியபின், மிரரைப் புதுப்பிக்கும் ஆர்சிங்க் எழுந்து, ரயிலுக்குப் புதுப் பெட்டி கோத்தார்களா, மாட்டுக்குக் கொம்பு மாறியதா என்று விசாரித்துவிட்டு வரும். இத்தனைக்கும் இதைச் செய்பவர் பகலில் இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ, இருப்பில் கிடக்கும் ஒவ்வொரு உதிரிபாகமும் முடங்கிய பணம் என்று பாடம் நடத்துகிறவர். காருக்கு சீட் வேண்டிய வேளையில்தான் சீட் லாரி கேட்டுக்குள் வரவேண்டும். வீட்டுக்கு வந்ததும் டொயோட்டா சித்தாந்தம் செருப்போடு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

லைன் அறுந்தால் கைகொடுக்குமே என்பார்கள். அந்த நாலு மணி நேரத்தில் புதிதாக எதை நிறுவப்போகிறார்கள்? அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனால் மிரரும் படுத்துவிடும். தானமாக ஓடும் சர்வர்களின் பாரம் குறையும் என்பது இன்னொரு வாதம். சில ஜி.பி.யை மிச்சம் பிடிக்க அதே சர்வர்களிடமிருந்து பல நூறு ஜி.பி.யை உறிஞ்சுவதற்குப் பெயர் பாரம் குறைப்பதா? சோர்ஸ் கோடு உலகத்திலிருந்தே அழிந்துபோனால் என்ற கவலைதான் கேட்க உருக்கமாக இருக்கிறது. அதைச் சுமக்க 2016 முதல் பாரிஸில் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் இருக்கிறது. டெபியனே பழைய பொதிகளையெல்லாம் தனியாகச் சேமித்து வருகிறது. மூன்று கம்ப்யூட்டருக்கு ‘ஆப்ட்-கேச்சர்-என்ஜி’ தாராளம். ஒரு கம்ப்யூட்டர் கேட்டதை வைத்திருந்து மற்றவற்றுக்குக் கொடுக்கும். சோர்ஸ் கேட்டால் அதையும். போர்ட் எண் 3142, பையின் மதிப்பு தெரிந்தவர்களுக்கு மறக்கவும் மறக்காது. நிறுவப் பத்து நிமிஷம். ஆனால் வேண்டாமாம். கேட்டதை மட்டும் வைத்திருக்கும் சர்வரை விருந்தாளிக்குக் காட்டி எப்படிப் பீற்றிக்கொள்வது?