பத்தலையே பெரியம்மா

மரக்காணத்துப் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் பெற்றவளுக்கும் நர்சம்மாவுக்கும் அடுத்தபடியாகச் சேதி எட்டுவது பத்தலையே பெரியம்மாவுக்குத்தான். சில சமயம் அவர் நர்சம்மாவையே முந்திவிடுவார்.

கூனிமேடு, அனுமந்தை, கந்தாடு என்று எந்த ஊரை எடுத்தாலும் தெருவுக்கு ஒருவர் உண்டு. உப்பளத்து ஆள். இருட்டோடு இருட்டாகப் போய், வெயில் ஏறி உப்பு கண்ணைக் கூசுவதற்குள் கூடை சுமந்து முடித்துவிட்டுத் திரும்புகிறவர். ஐப்பசி மழை இறங்கிப் பாத்தியெல்லாம் குளமாகிவிட்டால் வேலை கிடையாது. அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணமும் செலவழிக்க வழி தெரியாத பொழுதும்தான் கையில் இருக்கும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் பிள்ளை பெறுகிறவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

வந்தவர் பிள்ளையைப் பார்க்கமாட்டார். தாயைத்தான் பார்ப்பார், அதுவும் முகத்தை அல்ல.

“பால் வருதாம்மா?”

“வருது பெரியம்மா.”

“பத்துதா?”

இந்த இரண்டாவது கேள்விக்குத் திடமாகப் பதில் சொன்ன தாய் இன்னும் பிறக்கவில்லை. இட்லி என்றால் எண்ணலாம், பாக்கெட் பால் என்றால் அளவு அச்சடித்திருக்கும். இதற்கு என்ன சொல்வது? அவள் விழிக்கிற நேரம் பார்த்துப் பிள்ளை வீறிடும். “பாத்தியா, பத்தல.” தீர்ப்பு முடிந்தது, அப்பீல் கிடையாது. எறும்பு கடித்து அழுதாலும் தீர்ப்பு இதுதான். பிறந்த அன்றைக்குப் பிள்ளை ஒரு வேளைக்குக் குடிப்பது ஒரு தேக்கரண்டி சீம்பால். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை கேட்கும். சாயங்காலமானால் விடாமல் நச்சரிக்கும். இதெல்லாம் அந்தக் கோர்ட்டில் எடுபடாது.

வெறுங்கையோடு மட்டும் வரமாட்டார். அன்பில் குறை சொல்ல முடியாது. தூக்குவாளியில் பால்சுறாப் புட்டு இருக்கும். கரையில் காத்திருந்து, பேரம் பேசாமல் அவர் வாங்குகிற ஒரே மீன். மஞ்சள் போட்டு அவித்துத் தோலுரித்து, விரலால் உதிர்த்து, மீனுக்குச் சமமாகப் பூண்டு நறுக்கிப் போட்டு வதக்கியிருப்பார். திண்ணையில் உட்கார்ந்து நானும் இரண்டு வாய் தின்றிருக்கிறேன். எனக்குப் பால் ஊறவில்லை, எச்சில் ஊறியது. பிள்ளை பெற்றவள் நன்றாகத் தின்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

வம்பு அடுத்த வாக்கியத்தில் வரும். “ராவுக்கு மட்டும் ஒரு சங்கு பவுடர் பால் குடேன், புள்ள தூங்கும்.” பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக் கூடாதென்று 1992-லேயே சட்டம் போட்டாயிற்று. பெரியம்மாவின் வாய்க்கு எந்தச் சட்டம்? பிள்ளையும் தூங்கும். அது சப்பாமல் விட்ட வேளையை உடம்பு கவனித்துக்கொண்டே இருக்கும்; தேவை குறைந்துவிட்டது போல என்று சுரப்பைக் குறைக்கும். நாலு நாளில் நிஜமாகவே பத்தாது. “நான் அன்னிக்கே சொன்னனே!”

கோடையில் கடற்கரை மணலில் ஊற்று தோண்டிக் கொட்டாங்கச்சியால் குடம் நிரப்புகிறவரும் இதே பெரியம்மாதான். இறைத்தால்தான் ஊறும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இன்றைக்கு இறைக்காமல் விட்டால் நாளைக்கு இரண்டு குடம் சேரும் என்று ஊற்றை ஒருநாளும் சும்மா விட்டதில்லை. மார்பு என்று வந்தால் மட்டும் அதை அண்டா என்று நினைத்துக்கொள்கிறார்.

எங்கள் பக்கத்து நர்சம்மா ஒருவர் கெட்டிக்காரி. பெரியம்மாவோடு வாதாடவில்லை, வேலை கொடுத்துவிட்டார். “ஈரத்துணிக் கணக்கு உங்க பொறுப்பு பெரியம்மா. அஞ்சு நாள் தாண்டினா ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போவணும். குறைஞ்சா உடனே எனக்குச் சொல்லுங்க. ரெண்டு வாரத்துல பொறந்தப்ப இருந்த எடை திரும்பலன்னாலும் சொல்லுங்க. சில பேருக்கு நெசமாவே பால் கம்மியா வரும். அதுக்கு டாக்டர் இருக்காங்க. பவுடர் வேணுமா வேணாமான்னு அவங்க சொல்லட்டும்.”

கூடைக் கணக்கில் மேஸ்திரியை ஒரு கூடைகூட ஏமாற்றவிடாத கை அது. அன்றைக்கே சுவரில் கரிக்கோடு விழ ஆரம்பித்தது. துணியை எண்ணுகிற கையே துவைத்துப் போட்டது, உலையும் வைத்தது. பார்க்க வந்த ஒரு சித்தி, “பால் பத்துதா?” என்று வாயெடுத்தாள். “நேத்து ஏழு” என்று வாசலிலேயே மறித்தார் பெரியம்மா. “என்னா ஏழு?” “உனக்கெதுக்கு? புள்ள பெத்தவ தூங்கறா, அப்பறமா வா.” தாய் தொடர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கியது அன்றைக்குத்தான்.

இன்று காலை நிலவரப்படி, நேற்றைய கணக்கு எட்டு. ஒன்பது என்கிறார் பெரியம்மா. ஒரு துணி சொம்புத் தண்ணீர் கொட்டி நனைந்தது என்கிறாள் தாய். வழக்கு நடக்கிறது.