வானத்தில் ஓட்டை, நட்சத்திரத்தில் பருத்தி

வில்லியம் ஹெர்ஷல் பெரிய மனிதர். 1781-ல் யுரேனஸைக் கண்டுபிடித்தவர். கண்டுபிடித்த கையோடு அதற்கு இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜின் பெயரை வைக்கப் பார்த்தார். கிரகத்துக்கு ஜார்ஜ்! பெயர் நிலைக்கவில்லை. ராஜா கொடுத்த வருஷம் 200 பவுண்டு சம்பளம் நிலைத்தது.

இதே ஹெர்ஷல் 1795-ல், சூரியனில் ஜீவன்கள் குடியிருக்கின்றன என்று சீரியஸாகக் கட்டுரை எழுதினார். சிரிக்காதீர்கள். ஐந்து வருஷம் கழித்து அந்தச் சூரியனே அவருக்கு வரம் கொடுத்தது. வெயிலை முப்பட்டகத்தில் பிரித்து, சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு எந்த வெளிச்சமும் தெரியாத இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தார். அங்கேதான் சூடு ஜாஸ்தி! அகச்சிவப்புக் கதிர் அகப்பட்டது இப்படித்தான்.

விருச்சிகத்துப் பக்கம் நட்சத்திரமே இல்லாத கறுப்புத் திட்டு ஒன்றையும் அவர் பார்த்திருந்தார். வானத்தில் ஓட்டை என்று முடிவு கட்டினார். ஓட்டை இல்லை ஐயா, தூசு! அந்தத் தூசை ஊடுருவிப் பார்க்கும் கதிரைக் கையில் வைத்துக்கொண்டே, இரண்டையும் முடிச்சுப் போடாமல் 1822-ல் போய்ச் சேர்ந்தார்.

தூசு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கிழட்டு நட்சத்திரங்களிடமிருந்து. வயதானதும் உடம்பு ஊதும், மேல் அடுக்கை ஊதித் தள்ளும், அந்த வாயு ஆறித் தூசாக உறையும். நம் திருவாதிரை அந்த ரகம். 2019 கடைசியில் அது மங்கியதும், வெடிக்கப் போகிறது என்று ஆளாளுக்கு நாள் குறித்தார்கள். கிழவர் தான் கக்கிய தூசில் தானே முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

1960-களில் இந்தக் கிழடுகளின் அகச்சிவப்பு ஒளியை அளந்தபோது, 10 மைக்ரான் பக்கம் ஒரு மேடு தெரிந்தது. சிலிக்கானும் ஆக்சிஜனும் கைகோத்து அதிர்ந்தால் அந்த இடத்தில்தான் மேடு வரும். 1969-ல் வுல்ஃப், நே என்ற இருவர் சொல்லிவிட்டார்கள்: சிலிக்கேட். அதாவது கல்லும் மண்ணும். இத்தனை டெலஸ்கோப் வைத்து!

ஃபிரெட் ஹாயிலுக்கு இந்த மண் பிடிக்கவில்லை. 'பிக் பேங்' என்ற பெயரை வானொலியில் உதிர்த்துவிட்டு, அந்தக் கொள்கையைக் கடைசிவரை நம்பாத மகானுபாவர் அவர். கொழும்பில் பிறந்த சிஷ்யர் சந்திர விக்கிரமசிங்கவோடு சேர்ந்து, 1962-லேயே அண்டத் தூசு கிராஃபைட் என்று சொல்லியிருந்தார். பென்சில் முனை! 1977-ல் 'நேச்சர்' இதழிலேயே, அது செல்லுலோஸ் வகையறா என்றார்கள். பருத்தி! அப்புறம் உலர்ந்த பாக்டீரியா. இன்னும் பத்து வருஷம் விட்டிருந்தால் முனிசிபாலிட்டி எலெக்‌ஷனும் நடந்திருக்கும்.

ஆனால் ஹாயில் தரப்பில் ஒரு நியாயம் இருந்தது. பூமியின் கல்லை அரைத்து லேபில் அளந்தால், கோடு பல் பல்லாக வருகிறது. நட்சத்திரத்தின் மேடோ மொழுமொழுவென்று இருக்கிறது. அப்படிப்பட்ட மேட்டுக்குப் பருத்தியும் பொருந்தும், பாக்டீரியாவும் பொருந்தும்.

நாசாவின் காடர்ட் மையத்தில் டான், நத் போன்றவர்கள் கல்லை அரைப்பதை விட்டுவிட்டு, மெக்னீசியத்தையும் சிலிக்கான் மோனாக்சைடையும் ஆவியாக்கிப் புகையாகப் படியவைத்தார்கள். ஒழுங்கில்லாமல் உறைந்த, கண்ணாடி மாதிரியான சிலிக்கேட். மேடு மொழுமொழுவென்று வந்தது!

பிரின்ஸ்டனின் டிரெய்ன், லீயோடு சேர்ந்து 1984-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். லேப் அளவீடு கொஞ்சம், வானத்தில் பார்த்தது கொஞ்சம் கலந்து 'வானியல் சிலிக்கேட்' என்று ஒன்றைக் காகிதத்தில் தயாரித்தார். எந்த மலையிலும் வெட்டி எடுக்க முடியாத கல். வானத்தை அளவெடுத்துத் தைத்த சட்டை வானத்துக்குப் பொருந்தாமலா போகும்? இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

எல்லாம் கண்ணாடி என்று ஊரே ஒத்துக்கொண்ட சமயத்தில், 1995-ல் ஐரோப்பாவின் ஐஎஸ்ஓ என்ற அகச்சிவப்பு விண்கலம் மேலே போனது. கிழட்டு நட்சத்திரங்கள் சிலவற்றைச் சுற்றிப் பல் பல்லாகக் கோடுகள்! ஃபார்ஸ்டரைட் படிகம், நகைக்கடைப் பெரிடாட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஆய்வகங்களில் பரணில் போட்ட கல்லை இறக்கி, மறுபடியும் அரைக்க உட்கார்ந்தார்கள்.