பெட்டி தூக்கிய புண்ணியவான்கள்

இங்கிலாந்தின் ஈலி பேராலயத்துக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டு திரும்புகிறார்கள். 66 மீட்டர் கோபுரம், பார்க்க வேண்டியதுதான். ஆனால் சுவாரஸ்யமெல்லாம் கீழே, கல்லறைகளில் இருக்கிறது. இருந்தது என்பதே சரி.

கதாநாயகி ஏதல்திரெதா, கிழக்கு ஆங்கிலியா அரசன் அன்னாவின் மகள். இரண்டு கல்யாணம் ஆகியும் இரண்டு மாப்பிள்ளைகளையும் கிட்டவே சேர்க்கவில்லை. இரண்டாமவன் நார்தம்பிரியாவின் ராஜா. பன்னிரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். அம்மணி 673-இல் ஈலிக்கு வந்து மடம் கட்டிக்கொண்டார். சுற்றிலும் சதுப்பு, சதுப்பு முழுக்க விலாங்கு மீன். எந்த மாப்பிள்ளை தேடி வருவான்?

அவர் இறந்து 16 வருஷம் கழித்துத் தோண்டினால் உடம்பு அப்படியே இருந்ததாம். அப்பேர்ப்பட்டவருக்கு மரப்பெட்டியா? கல் தேடிப் படகில் கிளம்பினார்கள். கேம்பிரிட்ஜ் பக்கம், பாழடைந்த ஒரு பழைய ஊரின் மதில் ஓரத்தில், மூடியோடு ஒரு வெள்ளைச் சலவைக்கல் பெட்டி! தூக்கிவந்து கிடத்தினால் அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. அற்புதம் என்று பரவசப்படுகிறார் வரலாற்றாசிரியர் பீட். பெட்டி யாருடையது என்று அவரும் கேட்கவில்லை.

கை பழகிவிட்டது. 974-இல் அடுத்த குறி, டெரெம் ஊரில் அடக்கமாகியிருந்த அம்மணியின் தங்கை வித்பர்கா. ஈலியின் மடாதிபதி ஆயுதம் தாங்கிய ஆட்களோடு போய் ஊருக்கே விருந்து வைத்தார். மது தாராளமாக ஓடியது. ஓசிச் சாப்பாட்டை யார் சந்தேகப்படுவார்கள்? டெரெம்காரர்கள் மட்டையானதும் கல்லறையைத் திறந்து, பெட்டியை வண்டியில் ஏற்றி, பிராண்டன் வரை ஓட்டி, ஆற்றில் படகுக்கு மாற்றினார்கள். போதை தெளிந்தவர்கள் கரையோரம் விரட்டினார்கள்; ஏறிப் போகப் படகில்லை. இத்தனையையும் எதிரி எழுதவில்லை. ஈலி மடத்தின் சொந்த வரலாறே பெருமையாகச் சொல்கிறது.

1322-இல் ஓர் இரவு, பேராலயத்தின் நடுக்கோபுரம் பொத்தென்று விழுந்தது. பூகம்பம் என்று நினைத்தார்கள் துறவிகள். முந்தின வருஷம்தான் பக்கத்தில் மாதா சிற்றாலயத்துக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். அது ஞாபகம் வரவில்லை போலும். ஆலன் என்ற துறவி அந்த ஓட்டைக்கு மேல் எண்கோண மாடம் எழுப்பினார். 63 அடி ஓக் மரத் தூண்கள் எட்டு, அந்தரத்தில். இதைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு அழகு.

திருட்டுச் சொத்து தங்குமா? 1541-இல் ஈலியின் பிஷப் குட்ரிச்சே சமாதிகளை இடிக்க உத்தரவிட்டார். மாதா சிற்றாலயத்தில் சிலைகளின் தலைகள் வரிசையாகப் போயின. வித்பர்காவும் போன இடம் தெரியவில்லை.

ஈலி போகிறவர்கள் டெரெமுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். பெட்டியைத் தூக்கிய குழியில் ஊற்று கிளம்பியதாம்; கிணறு தேவாலய வளாகத்தில் இன்றும் இருக்கிறது. பக்கத்துக் கல்லில், ஈலி மடாதிபதியும் துறவிகளும் திருடினார்கள் என்று அப்பட்டமாகச் செதுக்கியிருக்கிறார்கள்.