தனியர் இயல்: தீம் பார்க்கில் ஒற்றை ஆளின் நிலை குறித்து ஒரு முதற்கட்ட ஆய்வு

தமிழில் பயண இலக்கியம் உண்டு. தல யாத்திரை இலக்கியம் அதைவிட அதிகமாகவே உண்டு. ஆனால் முப்பத்தாறு வயது ஆண் ஒருவன், கல்யாணம் ஆகாதவன், யார் துணையும் இல்லாமல் சொந்தச் செலவில் மிக்கி மவுஸைப் பார்க்கப் போவதைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரம்கூட என் கண்ணில் படவில்லை. அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கள ஆய்வு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஓர்லாண்டோவுக்குத் தென்மேற்கே உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில், ஒரு செப்டம்பரில் மூன்று இரவும் நான்கு பகலுமாக நடந்தது. ஆய்வாளர் ஒருவர். ஆய்வுக்கு உட்பட்டவரும் அவரே. நிதியுதவி: ஆய்வாளரின் கிரெடிட் கார்டு. தவணை இன்னும் முடியவில்லை.

இத்துறையின் முன்னோடி என் அம்மா. ஆன்சைட் வேலைக்கு அமெரிக்கா வந்து இரண்டு வருடம் ஆகியும் ஒரு ஊரைப் பார்க்கவில்லையே என்று அதுவரை அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். டிக்கெட் போட்டாகிவிட்டது என்று சொன்ன அடுத்த நொடி அவர் எழுப்பிய கேள்வி: "கூட யாரு வர்றா?"

"யாரும் இல்லம்மா."

"யாரும் இல்லன்னா அப்புறம் எதுக்குப் போற?"

இதற்கு இன்றுவரை விடை காணப்படவில்லை. கிரிவலத்துக்குத் தனியாகப் போனால் பக்தி. இமயமலைக்குத் தனியாகப் போனால் ஞானம். சினிமாவுக்குத் தனியாகப் போனால் ரசனை. ராட்டினத்துக்குத் தனியாகப் போனால் மட்டும் ஏதோ கோளாறு. அலுவலக நண்பர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "ஏதாவது பிரச்சினைன்னா சொல்லுங்க ஜி" என்றார். பிரச்சினை இல்லை என்பதுதான் பிரச்சினை என்று அவருக்கு விளக்க முடியவில்லை.

களத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1960களின் நடுவில், விலை ஏறிவிடக் கூடாது என்பதற்காகப் பெயரளவுக் கம்பெனிகள் பலவற்றின் பெயரில் ரகசியமாக வாங்கிச் சேர்த்த சதுப்பு நிலம் அது. வால்ட் டிஸ்னி 1966இல் இறந்துபோக, ஓய்வு பெற இருந்த அண்ணன் ராய், தம்பியின் வேலையை முடித்து 1971 அக்டோபர் 1 அன்று திறந்துவைத்தார். இன்று அங்கே நான்கு பூங்காக்கள். மொத்தப் பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர், அதாவது 2011க்கு முந்தைய சென்னை மாநகராட்சியில் பாதிக்கு மேல். இவ்வளவு இடத்திலும் ஒரு ஆள் தனியாக நிற்பதற்கென்று ஒரு சதுர அடி ஒதுக்கப்பட்டதாகத் தெரியவில்லை என்பதே ஆய்வின் தொடக்கக் கருதுகோள். பிறகு இது மாறியது.

தங்கியது 2,880 அறைகள் கொண்ட பாப் செஞ்சுரி விடுதியில். கட்டடத்துக்கு வெளியே நாலு மாடி உயரத்துக்கு யோயோ நிற்கும், பௌலிங் கட்டை நிற்கும். விடுதித் தொழிலுக்கு உலகெங்கும் ஒரு இலக்கணம் உண்டு: அறை வாடகை என்றால் அது இரண்டு பேருக்கான வாடகை. ஒருவர் போனாலும் தொகை குறையாது. ஆகவே வராத ஒருவருக்காக நான் மூன்று இரவு பணம் கட்டினேன். அவரை இனி 'இல்லாத இரண்டாம் ஆள்', சுருக்கமாக இ.இ.ஆ., என்று குறிப்பிடுவேன். அவருக்கென்று தனிக் கட்டில் இருந்தது. இரண்டு தலையணை, ஒரு துண்டு, ஒரு சோப்பு. அவர் எதையும் தொடவில்லை. கூட வாழ்வதற்கு இவ்வளவு ஒத்துப்போகும் ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

விடுதியிலிருந்து எப்காட் பூங்காவுக்கு ஸ்கைலைனர் என்னும் கம்பிவட வண்டி போகிறது. ஒரு பெட்டியில் பத்துப் பேர் உட்காரலாம். காலையில் கூட்டம் இல்லாததால் நானும் இ.இ.ஆ.வும் மட்டும் போனோம். பழநி ரோப் காரில் பழகிய எனக்கு இது ஜமீன்தார் சவாரி.

ஆய்வின் மையப் பகுதிக்கு வருகிறேன். ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும் ஒரு ஊழியர் நின்று, "எத்தனை பேர்?" என்று கேட்பார். இரைச்சலில் வாய்ச்சொல் எடுபடாது. விரலைத்தான் காட்ட வேண்டும். குடும்பஸ்தர்கள் நாலு விரல், அஞ்சு விரல் என்று ஆசீர்வாதம் செய்வது போல் காட்டிப் போகிறார்கள். தனியர் ஆள்காட்டி விரல் ஒன்றை உயர்த்த வேண்டும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த சமூகத்தில் இதற்கு ஒரே பொருள்தான். நாலு நாளில் நானே எனக்குச் சுமார் முப்பது முறை அவுட் கொடுத்துக்கொண்டேன்.

ஆனால் அதே விரல்தான் ஒரு ரகசியக் கதவையும் திறக்கிறது. சில ராட்டினங்களில் 'சிங்கிள் ரைடர்' என்று தனி வரிசை உண்டு. இதன் தத்துவம் வகுத்தல் கணக்கு. எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் என்னும் மலை ரயிலில் 34 இருக்கை. இரண்டிரண்டாக 17 வரிசை. மூன்று பேர் குடும்பம் ஏறினால் ஒரு இருக்கை மீதி. ஐந்து பேர் ஏறினாலும் மீதி ஒன்று. அந்த மீதியை நிரப்பத்தான் தனியரை ஓரமாக ஒரு சந்தில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். இந்த வரிசை எவ்வளவு வேகமாக நகரும் என்பது முழுக்க முழுக்க அடுத்தவர் வீட்டுக் குடும்பக் கட்டுப்பாட்டைப் பொறுத்தது. 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று அடங்கியவர்களால் எவரெஸ்டில் தனியருக்குப் பைசா பிரயோஜனம் இல்லை. டெஸ்ட் டிராக் என்னும் கார் ஓட்டத்தில் வரிசைக்கு மூன்று இருக்கை என்பதால் அதே நால்வர் இரண்டு இடத்தைக் காலி விட்டு, தனியர் இருவருக்கு வாழ்வளிக்கிறார்கள். மக்கள்தொகைக் கொள்கையும் ராட்டினப் பொறியியலும் சந்திக்கும் இந்தப் புள்ளியை எந்தப் பல்கலைக்கழகமும் கவனிக்காதது வருத்தத்துக்குரியது.

இது அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று மயங்க வேண்டாம். நம் கல்யாண வீடுகளில் பந்தி விசாரிப்பவர் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார். வரிசைக் கடைசியில் ஒரு இலை காலியாக இருக்கும். அவர் வாசல்வரை வந்து, "தனியா யாராச்சும் இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பார். முண்டியடித்தும் இடம் கிடைக்காத பெரிய குடும்பங்கள் பார்த்துக்கொண்டிருக்க, எங்கோ தூணோரம் நிற்கும் ஒண்டிக்கட்டை கையை உயர்த்திக்கொண்டு உள்ளே போவார். ஷேர் ஆட்டோவும் அப்படித்தான். "ஒரே ஆளு, ஒரே ஆளு, ஏறுனா கிளம்பிடலாம்" என்று கூவும்போது, அந்த ஒரு ஆளைவிட முக்கியமான குடிமகன் தாம்பரத்தில் வேறு யார்? உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஏழு பேரின் விதியும் அவர் கையில்.

ஆக, கருதுகோளைத் திருத்த வேண்டியதாயிற்று. தனியர் என்பவர் முதலாம் ஆள் அல்லர். எங்கோ யார் பக்கத்திலோ இருக்கும் இரண்டாம் இடத்தைத் தேடி அலைபவர். எனக்கு இ.இ.ஆ. இல்லாமல் இருக்கலாம்; நான் பலருக்கு இ.இ.ஆ.வாக இருந்தேன். எவரெஸ்டில் என் பக்கத்தில் ஒன்பது வயதுப் பையன். அவன் பெற்றோர் முன் வரிசையில். வண்டி தண்டவாளம் அறுந்த இடத்தில் நின்று, இருட்டுக்குள் பின்பக்கமாகவே பாயும்போது, அவன் என் முழங்கையைப் பிடித்தானா, நான் அவனைப் பிடித்தேனா என்பது தெளிவாகவில்லை. சறுக்கும்போது எடுத்த படம் வெளியே திரையில் வரும். அவன் அப்பா அதை வாங்கினார். இன்று ஒஹையோ மாநிலத்தில் ஏதோ ஒரு வீட்டில், சம்பந்தமே இல்லாமல், கண்ணை மூடி அலறிக்கொண்டிருக்கிறேன்.

மிலேனியம் ஃபால்கன் என்னும் விண்கல ராட்டினம் இன்னொரு சான்று. ஆறு பேர் ஓட்டுவது: விமானிகள் இருவர், துப்பாக்கிக்காரர் இருவர், இன்ஜினியர் இருவர். முன் இருக்கைகளில் குடும்பம் உட்கார்ந்த பிறகு எஞ்சியதுதான் தனியருக்கு. எஞ்சுவது பெரும்பாலும் பின்னால் இருக்கும் இன்ஜினியர் இருக்கை. யாரோ ஓட்டி, யாரோ இடித்து, பழுதானதும் பொத்தானை அழுத்திச் சரிசெய்வது அவர் வேலை. ஊரில் இன்ஜினியரிங் படித்து, அமெரிக்காவுக்கு இன்ஜினியராக வந்து, லீவு போட்டு அண்டவெளிக்குப் போயும் எனக்குக் கிடைத்தது அதே வேலை.

எவரெஸ்ட் இருக்கும் பகுதியின் பெயர் ஆனந்தபூர். உலக வரைபடத்தில் இல்லாத, டிஸ்னி கற்பனை செய்த ஆசிய ராஜ்யம். வெயிலில் வெளுத்த சுவர், கிழிந்த விளம்பரம், தொங்கும் மின்கம்பி எல்லாம் பார்த்துப் பார்த்துப் புதிதாகப் பழசாக்கியிருக்கிறார்கள். "உங்க ஊரு மாதிரியே இருக்கா?" என்று ஒரு அம்மையார் என்னிடம் அன்பாக விசாரித்தார். எச்சில் கறை இல்லை என்பதைத் தவிர மற்றதெல்லாம் சரி என்றேன். அங்கே காளி ரிவர் ராபிட்ஸ் என்று ஒரு பரிசல் சவாரியும் உண்டு. வட்டப் பரிசலில் பன்னிரண்டு பேர் முகத்தோடு முகம் பார்த்து உட்கார வேண்டும். ஓரம் என்பதே இல்லாத அமைப்பு, தனியருக்கு ஏற்றதல்ல. பதினோரு பேர் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். பிறகு தண்ணீர் அடித்ததும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

இனி திணை. தொல்காப்பியர் காட்டும் உரிப்பொருள்களை வைத்துப் பார்த்தால், தீம் பார்க் ஐயமின்றி முல்லை. இருத்தலே அதன் ஒழுக்கம். நாலு நிமிட ராட்டினத்துக்கு எழுபது நிமிடம் காத்து இருத்தல். பின்னாளில் எம்.ஐ.டி. பேராசிரியரான ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதிப்படி, முன்னால் 500 பேர் நின்று, மணிக்கு 1,000 பேர் ஏறினால் அரை மணிக் காத்திருப்பு. ரேஷன் கடை வரிசையில் நிற்கும் எந்தப் பாட்டியும் இதை எட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். காசு கொடுத்துச் சீக்கிரம் போகும் லைட்னிங் லேன் 2021இல் வந்தது. திருமலையின் 300 ரூபாய் தரிசனத்தை அறிந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. கோவிந்தா மட்டும்தான் இல்லை.

ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்கு இந்த முல்லையில் மருதம் புகுகிறது. ஊடல். "நீதானே இந்த வரிசைன்னு சொன்ன" என்பதை ஸ்பானிஷ், போர்த்துகீசு, தெலுங்கு உட்பட எட்டு மொழிகளில் கேட்டேன். சில எனக்குத் தெரியாத மொழிகள். பொருள் மட்டும் பிசகாமல் புரிந்தது. மருதத்துக்கு வைகறை பொழுதாக இருக்க, இங்கே பிற்பகலில் நிகழ்வதால் இது திணைமயக்கம். தள்ளுவண்டியில் குழந்தை தூங்க, தகப்பன் வாய் திறக்காமல் நடப்பார். தனியர் இதையெல்லாம் நிழலில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டே பார்க்கலாம். ஊடுவதற்கும் ஒரு ஆள் வேண்டுமே. அவருக்கு உரிய திணை ஐந்துக்கும் வெளியே இருக்கிறது: கைக்கிளை. மிக்கியைப் பார்க்கத் தனியாக வரிசையில் நின்று, முறை வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் வணக்கம் போட்டேன். அவர் பேசுவதில்லை. நானும் பேசவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டோம்.

1975இல் திறந்த ஸ்பேஸ் மவுண்டனை இங்கே சொல்லாமல் விட முடியாது. இப்போதைய வண்டிகளில் ஒருவர் பின் ஒருவராக ஒற்றை இருக்கைகள்தான். பக்கத்தில் யாரும் கிடையாது, சுற்றிலும் இருட்டு. ஏறும்வரை கை கோத்துவந்த காதலர், கைக்குழந்தையை மாற்றி மாற்றித் தூக்கிய தம்பதி, எல்லோரும் அந்த இரண்டரை நிமிடம் தனியரே. அங்கே எனக்கு மட்டும் முன்அனுபவம் இருந்தது.

இந்தத் தொழிலின் மூலக்கதையைப் பிறகுதான் கவனித்தேன். லாஸ் ஏஞ்சல்ஸின் கிரிஃபித் பூங்காவில், வால்ட் டிஸ்னியின் இரண்டு மகள்களும் குதிரை ராட்டினத்தில் சுற்ற, அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பாராம். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து அனுபவிக்க ஓர் இடம் வேண்டும் என்று அங்கேதான் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். அதிலிருந்து 1955இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட். பிறகு இதெல்லாம். குடும்பம் குடும்பமாக வருவதற்கென்று கட்டிய இந்த முழு சாம்ராஜ்யத்தையும் யோசித்தவர், யோசித்த நேரத்தில், பெஞ்சில் ஒண்டியாக உட்கார்ந்திருந்த ஒரு ஆள். டிஸ்னிலேண்டின் தீயணைப்பு நிலைய மாடியில் தனக்கென்று சின்ன வீடு ஒன்றும் வைத்திருந்தார். அந்த ஜன்னலில் இன்றும் ஒரு விளக்கு எரிகிறது. அவர் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாக இருந்ததா என்று ஆவணங்கள் சொல்லவில்லை. இருந்திருக்க வேண்டும்.

கடைசி இரவு ஹாண்டட் மேன்ஷன், அதாவது பேய் பங்களா. திறப்பு நாளிலிருந்தே இருப்பது. உள்ளே 999 ஆவிகள் உண்டு, இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது என்பது அதன் கணக்கு. நாலு நாளில் ஒற்றைப்படையான என்னை வெளிப்படையாக அழைத்த ஒரே நிறுவனம் இதுதான். கறுப்புக் கூண்டு வண்டியில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். வழக்கம் போல் வலப்பக்கம் காலி. சவாரியின் முடிவில் வண்டி ஒரு வரிசைக் கண்ணாடிகளைக் கடந்து போகிறது. பார்த்தால் என் பக்கத்தில் ஒரு ஆவி உட்கார்ந்திருந்தது. வழியில் லிஃப்ட் கேட்டு ஏறிக்கொள்ளும் மூன்று ஆவிகளில் ஒன்று. மெலிந்து, தொப்பி வைத்து, இடம் கிடைத்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டு.

வெளியே வந்து அம்மாவுக்கு போன் செய்தேன். அங்கே விடிந்திருந்தது.

"நாலு நாளும் தனியாவா சுத்துன?"

"இல்லம்மா. கடைசில ஒருத்தர் கூட வந்தாரு."

"நம்ம ஊருக்காரரா?"

"தெரியலம்மா, பேசல. ரூம் வாடகை மட்டும் ரெண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் கட்டினேன்."

சிறிது நேரம் மறுமுனையில் சத்தமில்லை.

"அவன்கிட்ட பாதிய வாங்கிட்டியா?" என்றார் அம்மா.