மந்தையை விட்டு விலகிய சொல்

கேள்வி: ஆங்கிலத் தீர்ப்புகளில் 'எக்ரீஜியஸ்' பிழை என்கிறார்கள். பெரிய பிழை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: பெரிது என்றால் போதாது. லத்தீனில் 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. அதிலிருந்து தனித்து நிற்பதே 'எக்ரீஜியஸ்'. முதலில் இது பாராட்டுச் சொல். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்லோ தம் 'டாம்பர்லேன்' நாடகத்தில் அரசப் பிரதிநிதிகளை இதே சொல்லால் உயர்த்துகிறார். சில பத்தாண்டுகளுக்குள் ஷேக்ஸ்பியரின் 'சிம்பலின்' நாயகன் தன்னைக் கொலைகாரன் என்று நொந்துகொள்ளும்போது முன்னால் ஒட்டிக்கொள்வதும் இதுதான். இத்தாலியிலோ இன்றும் 'எக்ரேஜோ' என்று மரியாதையாகக் கடிதம் தொடங்குகிறார்கள். அங்கே மாலை, இங்கே குட்டு!

புகழ்ச்சி வசையாக மாறியபின் பழைய வேரைத் தோண்டுவானேன், இன்றைய வழக்குதானே பொருள் என்று கேட்கலாம். நியாயம்தான், இன்று ஓர் அறிஞரை இச்சொல்லால் வாழ்த்தினால் அவர் முகம் சுளிப்பார். ஆனால் மாறியது மதிப்பு மட்டுமே, தனித்து நிற்கும் குணம் மாறவில்லை. ஆயிரம் ரூபாய்க் கணக்கில் ஒரு ரூபாய் விடுபட்டால் அது பிழை. கோடி ரூபாய் நுட்பமாக மறைக்கப்பட்டு, நிபுணர்கள் தேடித்தான் கண்டுபிடித்தார்கள் என்றால் அது பெரிய பிழை. அதற்குக்கூட இந்தச் சொல் முழுதாகப் பொருந்தாது. பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் உறுத்துகிற, 'தெரியாமல் நடந்துவிட்டது' என்ற சமாதானத்துக்கே இடம் தராத பிழைக்கு உரியது அது. தமிழில் 'அப்பட்டமான' என்பது மிக அருகில் வருகிறது. 'மிகப் பெரிய' என்று எழுதினால் குற்றத்தின் அளவு கிடைக்கும், அதன் துணிச்சல் தொலைந்துபோகும்.